ஓரம் தப்பிய கார்டுகள்: சில குறிப்புகள்

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளிலும் புகையிலைப் பொட்டலங்களிலும் வைத்துக் கொடுத்த பேஸ்பால் கார்டுகளைச் சேகரிப்பாளர்கள் டி206 என்பார்கள். அகலம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, உயரம் இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் சிகரெட் விளம்பரம். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், பதினாறு பிராண்டுகள். நியூயார்க்கில் இருந்த அமெரிக்கன் லித்தோகிராஃபிக் கம்பெனி பெரிய தாள்களில் அச்சடித்து வெட்டி அனுப்பியது. இத்தனை அச்சாகியும், வெட்டப்படாத முழுத்தாள் ஒன்றுகூட இன்றுவரை யார் கையிலும் சிக்கவில்லை. ஹானஸ் வாக்னர், சை யங் உட்பட ஐந்து ஆட்டக்காரர்கள் வரிசையாக நிற்கும் சோதனை அச்சுத் துண்டு ஒன்று இருக்கிறது. அது விற்பனைக்கு அச்சடித்த தாளின் துண்டு அல்ல.

ஒரு தாளில் எத்தனை கார்டு, யாருக்குப் பக்கத்தில் யார் நின்றார் என்பதைச் சொல்ல இன்று மிச்சமிருக்கும் சாட்சி, தப்பாக வெட்டுப்பட்ட கார்டுகள்தான். நான் இவற்றைத் தேடித் தேடி வாங்குவதற்கு இதுவே காரணம்.

*

ஒழுங்காக வெட்டிய கார்டில் நாலு பக்கமும் வெள்ளை ஓரம். நடுவில் படம். அடியில் பழுப்பு மையில் பெயரும் ஊரும். தன் அக்கம்பக்கம் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. கத்தி ஒரு நூல் தள்ளி இறங்கியிருந்தால், அடியில் இருக்க வேண்டிய பெயர் காணாமல் போய், தலைக்கு மேலே இன்னொரு பெயர் வந்து உட்கார்ந்திருக்கும். தாளில் மேலே இருந்த கார்டின் பெயர் அது. பெரும்பாலும் அதே ஆட்டக்காரரின் பெயராகவே இருக்கிறது. ஆகவே ஒரே படத்தை மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. சில கார்டுகளில் மட்டும் வேறொருவர் பெயர் வரும். அந்த இடத்தில் அடுக்கு மாறியிருக்கிறது. இப்படி இரண்டு பெயர் தாங்கிய கார்டுகளைப் பட்டியல் போட்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு தடயம் பின்பக்கத்தில் கிடைக்கும். பீட்மான்ட் விளம்பரம் அச்சான பிளேட்டுகள் சிலவற்றில் கீறல் விழுந்திருக்கிறது. அந்தக் கீறல் முடி அளவு கோடாக ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு ஓடும். ஒரு கார்டின் வலது ஓரத்தில் முடியும் கோடு, அதே உயரத்தில் அதே சாய்வில் வேறு எந்தக் கார்டின் இடது ஓரத்தில் தொடங்குகிறதோ, அதுதான் பக்கத்துக் கார்டு. ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத ஆட்கள் ஆளுக்கொரு கார்டை ஸ்கேன் செய்து அனுப்பி, அகழாய்வில் பானையோடுகளை ஒட்டிப் பார்ப்பதைப் போல ஒட்டிப் பார்க்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்பு குப்பைக்குப் போன தாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது.

*

என்னிடம் இருப்பவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஹூக்ஸ் வில்ட்சியின் கார்டு. நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு இடது கையால் பந்து வீசியவர். கார்டின் அடி ஓரம் பெயர் வரியின் நடுவே போகிறது. எழுத்துகளின் மேல்பாதி மட்டும் அங்கே நிற்கிறது. மேல் ஓரத்தைப் பார்த்தால் அதே எழுத்துகளின் கீழ்ப்பாதி. மேலே இருந்த வில்ட்சியின் மிச்சம் அது. இரண்டையும் மனசில் சேர்த்தால் பெயர் முழுசாக வந்துவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கத்தி இறங்கிய இடத்தில் அட்டையின் நார் கீழ்நோக்கி லேசாக மடிந்திருப்பது தெரியும். மூலைகள் மழுங்கிவிட்டன. யாரோ ஒரு பையன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்க வேண்டும்.

திருப்பினால்தான் விஷயம். பின்பக்க பீட்மான்ட் விளம்பரம் அச்சு அசலாக நடுவில் இருக்கிறது. நாலு பக்கமும் சம ஓரம். அப்படியானால் வெட்டியவர் சரியாகத்தான் வெட்டியிருக்கிறார். பின்பக்கத்தைப் பார்த்துக் கத்தியை வைத்திருக்கிறார். விலகியது முன்பக்க அச்சு. தாளைத் திருப்பிப் போட்டு அடிக்கும்போது ஏதோ ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது. இந்த மாதிரிக் கார்டைக் கோணல் வெட்டு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். கத்தியின் தவறையும் அச்சின் தவறையும் பிரித்துப் பார்க்கப் பின்பக்கத்தைப் பார்த்தாலே போதும். பாதிப் பேர் திருப்பிப் பார்ப்பதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

வில்ட்சி 1908 ஜூலை 4 அன்று பிலடெல்ஃபியாவுக்கு எதிராக ஆடிய ஆட்டம் பேஸ்பால் வரலாற்றில் நிற்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட் ஆகும்வரை எதிரணியில் ஒருவர்கூடத் தளம் ஏறவில்லை. இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் வேண்டும். எதிரே நின்றவரும் பந்துவீச்சாளர்தான். வில்ட்சி போட்ட பந்து ஸ்ட்ரைக் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடுவர் பால் என்றார். அடுத்த பந்து ஆட்டக்காரர் உடம்பில் பட்டது. குறையில்லாத ஆட்டம் என்ற பெயர் அந்த ஒரு பந்தில் போயிற்று. பிறகு பத்து இன்னிங்ஸ் ஆடி, ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 1-0 என்று ஜெயித்தார். தன் தீர்ப்பு தப்பு என்று அந்த நடுவரே பின்னால் ஒப்புக்கொண்டார்.

*

விலை ஏறுவது எந்தத் தவறுக்கு, ஏறாதது எந்தத் தவறுக்கு என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆயிரக்கணக்கில் அச்சாகி, பிறகு கம்பெனியே பார்த்துத் திருத்திய தவறு என்றால் அதற்குக் கேட்டலாக்கில் தனி வரி கிடைக்கும். டி206-இல் ஷெர்ரி மகீயின் பெயரில் நாலாவது எழுத்து ஆங்கில 'இ'-யாக இருக்க வேண்டிய இடத்தில் 'ஐ' விழுந்தது. சீக்கிரமே திருத்திவிட்டார்கள். திருத்துவதற்கு முன் வெளியேறிய கார்டுகள் இன்று பெரும் பணம். ஜோ டாயில் கதை இன்னும் அரிது. நியூயார்க்கில் அப்போது இரண்டு டாயில்கள் ஆடினார்கள். ஜோ அமெரிக்கன் லீகில், லாரி நேஷனல் லீகில். ஜோவின் படத்துக்கு அடியில் நேஷனல் என்று போட்டுவிட்டார்கள். உடனே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வெறும் நியூயார்க் என்று விட்டார்கள். எடுப்பதற்கு முந்தியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இவை கம்போசிங் மேஜையில் நடந்த தவறுகள். அரிதுதான், மறுக்கவில்லை. என் மனசு போவது அடுத்த இரண்டு மேஜைகளின் பக்கம்: அச்சு இயந்திரமும் வெட்டும் இயந்திரமும். அங்கே நடக்கும் தவறு ஒரு தாளுக்கு மட்டும், சில சமயம் ஒரே ஒரு கார்டுக்கு மட்டும் நேரும். அதற்குக் கேட்டலாக்கில் இடம் கிடையாது.

*

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு கார்டு உண்டு. ஃப்ரெட் ஸ்னாட்கிராஸ் பெயரின் முதல் எழுத்து சில கார்டுகளில் அச்சாகவில்லை. 'நாட்கிராஸ்' என்றுதான் வாசிக்க முடியும். கம்போசிங்கில் எழுத்து இருந்தது, மை ஏறவில்லை. பெயரை முழுசாகப் பெறாத இந்த மனிதர் 1912 வேர்ல்ட் சீரிஸ் கடைசி ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில் கைக்கு வந்த சாதாரண கேட்ச் ஒன்றைத் தவறவிட்டார். ஜயண்ட்ஸ் தோற்றது. அதன்பின் ஊர் மேயராக இருந்தார், தோட்டம் வைத்து நன்றாக வாழ்ந்தார். 1974-இல் அவர் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் மரணச் செய்தியின் தலைப்பிலேயே அந்தக் கேட்ச் வந்தது. அறுபது வருடம் கழித்தும்.

*

சிவகாசியில் வாழ்நாள் முழுக்க ஆஃப்செட் ஓட்டிய பெரியவர் ஒருவர், மகளைப் பார்க்க நியூ ஜெர்சி வந்திருந்தார். பேஸ்பால் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. லீஃப் கம்பெனி கார்டு ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். சிகாகோவைச் சேர்ந்த லீஃப் 1948-49-இல் வெளியிட்ட செட் அது. 98 கார்டுகள். வண்ண அச்சு மோசமாக விலகியிருப்பதற்கே பேர் போன செட். என் கார்டில் தொப்பியின் சிவப்பு, தொப்பியை விட்டு நகர்ந்து நெற்றிக்கு வந்திருக்கிறது. உதட்டுச் சிவப்பு கன்னத்தில் இருக்கிறது.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கார்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ரெஜிஸ்டர் சேரலையே தம்பி. மஞ்சள் சரியா நிக்குது. செவப்பு மட்டும்தான் ஓடியிருக்கு. பிளேட் கட்டினவன் அவசரப்பட்டிருக்கான்."

"இதைத் தூக்கிப் போடாம வித்திருக்காங்களே அண்ணாச்சி?"

"சின்னப் பிள்ளைங்க மிட்டாய்க்கு வர்றதுதானே? எவன் கேக்கப்போறான். ஆனா மெஷின் மேன் பாத்திருப்பான். பாத்ததும் அவனுக்கு மனசு உறுத்தியிருக்கும்."

பிறகு டி206 வேஸ்ட் ஷீட்டிலிருந்து வந்த துண்டு ஒன்றின் படத்தைக் காட்டினேன். ஒரே அட்டையில் நாலைந்து ஆட்டக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவராக, தலைகீழாகவும் நேராகவும் அச்சாகியிருப்பார்கள். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மெஷின் நின்று மறுபடி ஓடும்போது மை சீராகும்வரை நல்ல தாளை வீணாக்க மாட்டார்கள், ஏற்கெனவே கெட்டுப்போன தாளையே திரும்பத் திரும்ப உள்ளே விடுவார்கள் என்றார். எத்தனை முறை மெஷின் நின்றது என்பதைக்கூட அதில் எண்ணலாமாம். நான் பல வருடமாக அந்தப் படத்தை வைத்திருந்தும் அதை ஒரு நாட்குறிப்பு மாதிரி வாசிக்கலாம் என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது.

*

லீஃப் செட்டிலேயே இன்னும் சில. ஜீன் ஹெர்மன்ஸ்கி பெயரின் கடைசி எழுத்து இல்லாத கார்டு. கென்ட் பீட்டர்சன் தொப்பி சிலவற்றில் கறுப்பு, சிலவற்றில் சிவப்பு. க்ளிஃப் ஏபர்சன் சட்டைக்கை சிலவற்றில் முழுசு, சிலவற்றில் அரை.

*

டாப்ஸ் கம்பெனியின் 1958 செட்டில் 433-ஆம் எண், பான்சோ ஹெரேரா. பெயரின் கடைசி எழுத்து சில கார்டுகளில் இல்லை. இதில் ஒரு அருமையான விஷயம்: எழுத்து பாதி மங்கிய கார்டுகளும் இருக்கின்றன. முழு எழுத்து, மங்கிய எழுத்து, வெற்றிடம் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்தில் என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்துவிடலாம். கம்போசிங் தவறு இப்படிப் படிப்படியாக வராது. ஏதோ ஒன்று அந்த இடத்தில் மையைத் தடுத்திருக்கிறது. இதே வழியில்தான் முப்பது வருடம் கழித்து வந்த இன்னொரு புதிரும் அவிழ்ந்தது.

1990 டாப்ஸ், எண் 414, ஃப்ராங்க் தாமஸ். பழங்கார்டு என்று இதைச் சொல்ல முடியாது, ஆனால் எழுதாமல் விட மனசில்லை. இளம் தாமஸின் கார்டு சிலவற்றில் முன்பக்கத்தில் பெயரே கிடையாது. வெறும் பெட்டி. பல காலம் இதைத் தனி ஒரு கார்டின் பிழையாகவே எல்லோரும் பேசினார்கள். பிறகு சிலர் அந்தத் தாளில் அவருக்கு மேலே கீழே பக்கத்தில் இருந்த கார்டுகளைத் தேடிப் பார்த்தார்கள். யாரும் சீண்டாத சில்லறை ஆட்டக்காரர்கள் அவர்கள். ஒருவருக்குப் படத்தைச் சுற்றிய கறுப்புக் கோடு ஓர் இடத்தில் அறுந்திருந்தது. இன்னொருவருக்குப் பெயரின் ஒரு பகுதி வெளிறியிருந்தது. அந்தக் கார்டுகளைத் தாளில் இருந்த மாதிரியே அடுக்கியதும் கறுப்பு மை படாத ஒழுங்கற்ற வடிவம் ஒன்று தெரிந்தது. கறுப்பு பிளேட்டுக்குக் குறுக்கே ஏதோ விழுந்திருக்கிறது. அதன் நடுவில் அகப்பட்டது தாமஸின் பெயர்.

பெயரில்லாத தாமஸ் ஆயிரக்கணக்கான டாலர். பக்கத்தில் நின்று அதே விபத்தில் அரைக் கோட்டை இழந்த கார்டுக்குக் கேட்பவர் குறைவு. எனக்கு வேண்டியது அந்த இரண்டாவது வகை.

*

1952 டாப்ஸ் செட்டின் கடைசித் தவணை, எண் 311 முதல் 407 வரை. மொத்தம் 97 கார்டு. தாளில் இடம் 100. மிச்சமான மூன்று இடத்துக்கு மூன்று பேரை இரண்டாவது தடவை வைத்தார்கள்: மிக்கி மேன்டில், ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன். ஒருவருக்கு இரண்டு இடம் என்றால் இரண்டு தனித்தனி அமைப்பு. அதனால் மேன்டில் கார்டில் இரண்டு வகை உண்டு. பின்பக்கத்தில் எண் அச்சான பந்தின் தையல் ஒன்றில் ஒரு திசையைப் பார்க்கும், இன்னொன்றில் எதிர்த்திசையைப் பார்க்கும். 2022-இல் ஒரு மேன்டில் கார்டு 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. அந்தத் தவணையிலேயே அதிகம் அச்சான மூன்றில் ஒன்று அது. விற்காமல் தேங்கிய பெட்டிகளை டாப்ஸின் சை பெர்கர் 1960-இல் படகில் ஏற்றி அட்லான்டிக்கில் கொட்டினார். அவற்றில் எத்தனை கோணல் வெட்டு இருந்ததோ என்று சில இரவுகளில் நினைப்பேன்.

அதே செட்டில் 48-ஆம் எண் ஜோ பேஜ், 49-ஆம் எண் ஜானி சேய்ன். இருவரும் யாங்கீஸ். பேஜின் படத்துக்குப் பின்னால் சேய்னின் வரலாறும், சேய்னின் படத்துக்குப் பின்னால் பேஜின் வரலாறும் ஏறிய கார்டுகள் இருக்கின்றன.

*

மனிதர்கள் செய்த தவறுகள் சுருக்கமாக. 1957-இல் ஹாங்க் ஏரனின் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். வலது கை ஆட்டக்காரர் இடது கையால் நிற்கிறார், சட்டையில் 44 என்ற எண் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கிறது. திருத்தவே இல்லை. 1969-இல் ஆரேலியோ ரோட்ரிகஸ் கார்டில் இருப்பது அவர் அல்ல, அணியின் பேட் பாய். 1959-இல் வலது கைப் பந்துவீச்சாளர் லூ பர்டெட் வேண்டுமென்றே இடது கையில் உறை மாட்டாமல் வலது கையில் மாட்டிக்கொண்டு போஸ் கொடுத்தார். அதுவும் அப்படியே அச்சானது. இவை எல்லாக் கார்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் என் பெட்டியில் இவற்றுக்கு அதிக இடமில்லை. ஏரன் மட்டும் விலக்கு. அந்த முகத்துக்காக.

*

1974 வாஷிங்டன் கார்டுகள். இதைத் தவறு என்று சொல்வதா, நடக்காத ஒரு விஷயத்தின் பதிவு என்று சொல்வதா? 1971-உடன் வாஷிங்டன் நகரத்தின் அணி டெக்சாஸுக்குப் போய்விட்டது. 1973 இறுதியில் சான் டியகோ பாட்ரேஸ் அணி வாஷிங்டனுக்கு மாறப் போகிறது என்று ஏறக்குறைய முடிவான நிலை. முந்தைய வருடங்களில் தவணை தவணையாக வெளியிட்ட டாப்ஸ், 1974-இல் 660 கார்டுகளையும் ஒரேயடியாக வெளியிட முடிவெடுத்தது. ஆகவே முன்கூட்டியே அச்சுக்குப் போக வேண்டிய கட்டாயம். புது அணிக்குப் பெயர் வைக்கவில்லை. பாட்ரேஸ் ஆட்டக்காரர்கள் கார்டில் வாஷிங்டன் என்று ஊரையும், அணியின் பெயர் வர வேண்டிய இடத்தில் நேஷனல் லீக் என்பதன் சுருக்கத்தையும் போட்டு அச்சடித்துவிட்டார்கள். ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் முதலாளி ரே க்ராக் அணியை வாங்கி, சான் டியகோவிலேயே வைத்துக்கொண்டார். டாப்ஸ் மாற்றி அடித்தது. வில்லி மக்கோவியின் கார்டு இரண்டு ஊரிலும் கிடைக்கிறது. வாஷிங்டனுக்கு அணி திரும்பி வந்தது 2005-இல். அதற்கு முன் முப்பது வருடம் அந்த நகரத்துப் பையன்களுக்கு நேஷனல் லீக் அணி இருந்தது இந்தக் கார்டுகளில் மட்டும்.

*

1933 கௌடி செட்டில் 106-ஆம் எண் நாப் லஜோயி. இந்த எண்ணை அந்த வருடம் வெளியிடவே இல்லை. பிள்ளைகள் 106-ஐத் தேடிச் சூயிங்கம் வாங்கிக்கொண்டே இருக்கட்டும் என்று பாஸ்டன் கம்பெனி செய்த வேலை. எழுதிக் கேட்டவர்களுக்கு 1934-இல் தபாலில் அனுப்பினார்கள். பேப்பர் கிளிப் மாட்டி அனுப்பியதால் கிளிப் தடம் பதிந்த கார்டுகள் நிறைய. இதைச் சிலர் பிழைகளோடு சேர்த்துப் பேசுகிறார்கள். சேர்க்கக் கூடாது. பிழை என்பதற்குத் தெரியாமல் நேர்ந்திருக்க வேண்டும்.

*

உலகத்திலேயே புகழ்பெற்ற கார்டு டி206 ஹானஸ் வாக்னர். அவற்றுள் புகழ்பெற்றது, ஹாக்கி வீரர் வேய்ன் க்ரெட்ஸ்கியும் ப்ரூஸ் மக்னாலும் 1991-இல் 4,51,000 டாலருக்கு வாங்கியது. தரம் போடும் பிஎஸ்ஏ நிறுவனம் முதன்முதலாகத் தரம் போட்ட கார்டு அதுதான். பத்துக்கு எட்டு கொடுத்தார்கள். கூர்மையான மூலை, நேரான ஓரம். அந்த ஓரத்தைத் தான்தான் வெட்டிச் சீர்படுத்தியதாக ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வேறு மோசடிகளோடு சேர்த்துச் சிறைக்கும் போனார்.

இதை ஒரு தனிக் குற்றமாக நான் பார்க்கவில்லை. ஓரம் அகலமாக விழுந்த, அல்லது பக்கத்துப் படம் எட்டிப் பார்க்கிற கார்டுகளைத்தான் இப்படி வெட்டுவார்கள். கூடுதல் அட்டை இருந்தால்தானே செதுக்க முடியும்? இரண்டு பெயர் இருந்த எத்தனை கார்டு ஒற்றைப் பெயர் கார்டாக மாறி, கண்ணாடி உறைக்குள் நல்ல மதிப்பெண்ணோடு உட்கார்ந்திருக்கிறதோ. தாளில் யார் பக்கத்தில் யார் என்று சொல்லியிருக்கக்கூடிய சாட்சி அது. சில டாலருக்காக அதன் வாயை அடைத்துவிட்டார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

தரம் போடுகிறவர்களும் ஒரு வகையில் இதற்குத் தூண்டுதல். வெட்டு தவறிய கார்டுக்கு மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எம்சி என்று இரண்டு எழுத்து ஒட்டிவிடுகிறார்கள். படம் நடுவில் இல்லாவிட்டால் ஓசி, அச்சுக் குறை என்றால் பிடி. மதிப்பெண் எட்டாக இருந்தாலும் அந்த எழுத்துகள் விலையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். என்ன தவறியது, கத்தியா அச்சா, எந்தப் பக்கம், பக்கத்துப் படம் யாருடையது என்று ஒரு வரி எழுதினால் அந்த உறைக்கு அர்த்தம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அகலம் குறைந்த டி206 எல்லாம் செதுக்கியது இல்லை. அமெரிக்கன் பியூட்டி சிகரெட் பாக்கெட் ஒல்லி. அதற்கேற்பக் கார்டையும் ஒடுக்கியே வெட்டினார்கள். பின்பக்கத்தில் அந்தப் பிராண்ட் இருந்தால் ஓரம் குறைவாக இருப்பது இயல்பு.

*

ஈரத் தாள் பதிவு. மை காயாத தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால், கீழ்த்தாளின் முன்பக்கம் மேல்தாளின் பின்பக்கத்தில் ஒட்டிப் பதியும். இடவலம் மாறி, வெளிறி, பேய் மாதிரி ஒரு முகம் புள்ளிவிவரங்களுக்கு நடுவில் தெரியும். பெரும்பாலும் முன்பக்கம் யாரோ அவரேதான் பின்னாலும். சில சமயம் வேறு ஆள். அப்படி இருந்தால் அடுக்கும்போது தாள் நகர்ந்திருக்கிறது, அல்லது வேறு தாள் மேலே வந்திருக்கிறது. இவற்றை நான் ஒன்றுவிடாமல் வாங்குவேன்.

*

பிள்ளைகளின் கத்தரிக்கோல். 1920-களில் நீளத் துண்டாகக் கடையில் தொங்கிய கார்டுகளும், அறுபதுகளின் தொடக்கத்தில் போஸ்ட் சீரியல் டப்பாவின் பின்னால் இருந்தவையும், 1975 முதல் 1979 வரை ஹோஸ்டஸ் கேக் பெட்டியின் அடியில் இருந்தவையும் வீட்டில் வெட்டி எடுக்க வேண்டியவை. அவற்றில் கோணல் இல்லாத கார்டு கிடைப்பதுதான் அரிது. ஹோஸ்டஸ் கார்டு ஒன்று வைத்திருக்கிறேன். மூன்று ஓரம் கோடு பிசகாமல் வந்திருக்கிறது. நாலாவது ஓரத்தில் கத்தரிக்கோல் கோட்டைத் தாண்டி ஆட்டக்காரரின் முழங்கைக்குள் புகுந்துவிட்டது. வெளியே வந்து மறுபடி கோட்டைப் பிடித்திருக்கிறது. புகுந்த இடத்தில் பின்னாலிருந்து செலோடேப் ஒட்டியிருக்கிறார்கள். டேப் இப்போது தேன் நிறம்.

*

ஜெஃபர்சன் பர்டிக். சிரக்யூஸ்காரர். டி206 என்ற எண்ணே அவர் தயாரித்த கேட்டலாக்கிலிருந்து வந்ததுதான். புகையிலைக் கார்டுகளுக்கு டி என்று வகை பிரித்தவர் அவர். மூட்டுவாதத்தில் கை மடங்காமல் போன நிலையில், தன் சேகரிப்பு முழுவதையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குக் கொடுத்து, தானே அங்கே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். பேஸ்பால் கார்டு மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் இறந்தார். விலைக்காக ஒரு கார்டைக்கூட அவர் பார்க்கவில்லை. அச்சான காகிதம் எதுவானாலும் அது ஒரு காலத்தின் ஆவணம் என்று பார்த்தார். கோணல் கார்டு சேர்ப்பவர்களுக்கு முன்னோடி என்று நான் அவரைத்தான் சொல்வேன்.

*

வாங்கும்போது பார்க்க வேண்டியது. நிறம் விடுபட்ட கார்டு என்று விற்பவற்றில் பாதிக்கு மேல் வெயிலில் வைத்து வெளுக்க வைத்தவை. சிவப்பும் மஞ்சளும் வெயிலில் முதலில் போகும். 1969 டாப்ஸில் மஞ்சள் பெயருக்குப் பதில் வெள்ளைப் பெயர் வந்த உண்மையான வகை ஒன்று இருக்கிறது. மேன்டிலின் வெள்ளை எழுத்துக் கார்டு ஏகப்பட்ட விலை. அதனால் மஞ்சளை வெளுக்க வைத்து ஏமாற்றுகிறார்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள். படத்தின் மற்ற இடங்களில் மஞ்சள் புள்ளி தெளிவாக இருந்து எழுத்தில் மட்டும் இல்லையென்றால் நம்பலாம். எல்லா இடத்திலும் மஞ்சள் மங்கலாக இருந்தால் வேண்டாம். 1982 டாப்ஸில் கறுப்பு மை விழாத கார்டுகள் சோதிக்க எளிது. முன்பக்கத்தில் இருக்க வேண்டிய ஆட்டக்காரர் கையெழுத்து அடியோடு இருக்காது. வெயில் கையெழுத்தை மட்டும் பொறுக்கி எடுக்காது.

புற ஊதா விளக்கு ஒன்று கையில் இருக்கட்டும். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. 1910 கார்டு என்று தருவது அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

*

இப்போது தேடுவது: 1962 டாப்ஸ் இரண்டாம் தவணையில் பச்சை ஏறிய கார்டு ஒன்று, அதோடு பக்கத்துக் கார்டின் ஓரமும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தவணை இரண்டு முறை அச்சாகியிருக்கிறது. ஒன்றில் எல்லார் முகத்திலும் பச்சை தட்டும். சில ஆட்டக்காரர்களுக்குப் படமே மாறியிருக்கிறது. இரண்டு அச்சிலும் தாளின் அடுக்கு ஒன்றுதானா என்பதை ஓரம் தப்பிய கார்டு காட்டிக் கொடுக்கும். எண் 110-லிருந்து 196-க்குள் எதுவானாலும் சரி, யாருடைய படமானாலும் சரி, மூலை மடங்கியிருந்தாலும் சரி. செதுக்கியது மட்டும் வேண்டாம்.